டார்வின் சந்தையில் ஓவியம் வாங்குமுன்

ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருப்பீர்களா? 2007இல் தொடங்கிய பூர்வகுடிக் கலைச் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பூர்வகுடிச் சமூகங்களின் கலை மையங்களே அங்கே கடை போடுகின்றன; விற்ற பணமும் அவற்றுக்கே போகிறது.

பிடித்த ஓவியத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். பின்புறம் ஓவியரின் பெயரும் பட்டியல் எண்ணும் இருக்கும். ஓவியத்தோடு தரும் சான்றிதழிலும் அதே எண்தானா என்று சரிபாருங்கள். மரச்சட்டத்தில் பொருத்தாத கேன்வாஸ் துணி ஓவியம் என்றால் வண்ணப் பக்கம் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுருட்டித் தரச் சொல்லுங்கள்; உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். மரப்பட்டை ஓவியத்தைச் சுருட்டவே கூடாது. அதன் காவி மண் வண்ணம் விரல் பட்டாலே உதிரலாம்.

அப்புறம், சுற்றுலாக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மூங்கில் டிட்ஜெரிடூ (பூர்வகுடிகளின் நீண்ட ஊதுகுழல்) பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அசல், பெரும்பாலும் கறையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரம்.