கிங் கவுன்ட்டிக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு: கவுன்ட்டி அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை

வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்ட், பெல்வியூ, சமாமிஷ், இசாக்வா போன்ற ஊர்களுக்கு வேலை நிமித்தமாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றிலேயே முதல் சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அரசு என்றதும் விசா வழங்கும் கூட்டாட்சி அரசுதான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. ஆனால் பேருந்து, பொதுச் சுகாதாரம், தேர்தல், சொத்து மதிப்பீடு, மேல் நீதிமன்றம், சிறை ஆகியவற்றை நடத்துவது கிங் கவுன்ட்டி. 39 நகரங்களையும், 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களையும் கொண்ட இந்தக் கவுன்ட்டியை நம் ஊர் மாவட்டத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். நம் மாவட்ட ஆட்சியர் நியமிக்கப்படுபவர்; இங்கே நிர்வாகத் தலைவரும் ஒன்பது கவுன்சில் உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். பள்ளிகள் கவுன்ட்டியின் பொறுப்பில் இல்லை. அவற்றுக்குத் தனி வாரியங்கள் உண்டு. பாதெல் நகரில் வீடு பார்ப்பவர்கள் முகவரியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்; அந்நகரின் ஒரு பகுதி பக்கத்திலுள்ள ஸ்னோஹோமிஷ் கவுன்ட்டியில் இருக்கிறது.

1852இல் இந்தக் கவுன்ட்டிக்கு வைக்கப்பட்ட பெயர், அடிமைகளை வைத்திருந்த அலபாமா அரசியல்வாதி வில்லியம் ரூஃபஸ் கிங்கினுடையது. 1986இல் கவுன்சில் தீர்மானம் இயற்றி, அது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயராகவே கொள்ளப்படும் என்று அறிவித்தது. 2005இல் மாநிலச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. பெயரோடு நிற்காமல், 2008இல் ரான் சிம்ஸ் நிர்வாகத் தலைவராக இருந்தபோது சமத்துவத்துக்கும் சமூக நீதிக்குமான முன்முயற்சி தொடங்கப்பட்டது. 2010இல் கவுன்சில் இயற்றிய சட்டம், கவுன்ட்டியின் எல்லாத் துறைகளும் வரவு செலவுத் திட்டம் தீட்டும்போதும் கொள்கை வகுக்கும்போதும் நியாயத்தையும் சமூக நீதியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதித்தது. இதன் பின்னணியில் ஓர் எளிய உண்மை உண்டு: கென்ட், ஆபர்ன், சீடாக் முதலிய தென்பகுதிகளில் வாழ்பவர்களின் உடல்நலமும் வருமானமும் வாஷிங்டன் ஏரிக்குக் கிழக்கே, ரெட்மண்ட், பெல்வியூ பகுதிகளில் வாழ்பவர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதைக் கவுன்ட்டியின் சுகாதாரத் துறையே தொடர்ந்து ஆவணப்படுத்தி வருகிறது. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல ஊதியம் பெறும் நம்மில் பலர் இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தட்டில்தான் வந்து இறங்குகிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நம் வீட்டிலேயே ஆங்கிலம் தெரியாத பெற்றோரும், வேலை அனுமதி கிடைக்காத துணைவரும் இருக்கிறார்கள். புகலிடம் கோரி வந்த ஈழத்தமிழர்களும் நம்மவர்களே. இந்தக் கொள்கைகள் முதன்மையாக அவர்களுக்கே பயன்படுபவை. தெரியாததால்தான் அவர்கள் கேட்பதில்லை.

அவற்றுள் முதன்மையானது மொழியுதவி. கவுன்ட்டி அலுவலகத்தையோ பொதுச் சுகாதார மருத்துவகத்தையோ அணுகும் ஒருவர், ஆங்கிலம் சரளமாக வராத நிலையில், மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். தொலைபேசியை எடுத்ததும், வேறு எதுவும் பேசுவதற்கு முன், தமிழ் என்ற ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு இருமுறை சொன்னாலும் குற்றமில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொன்னால் இந்தி மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது தயங்காமல், இது என் மொழி இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சில நிமிடங்கள் இசை ஒலிக்கும். பிறகு மொழிபெயர்ப்பாளர் தம் அடையாள எண்ணைக் கூறி இணைவார். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் முறையிட நேர்ந்தால் உதவும். அவர் மதுரைக்காரராகவும் இருக்கலாம், யாழ்ப்பாணத்தவராகவும் இருக்கலாம். பேச்சு வழக்குப் புரியவில்லை என்றால் மெதுவாகப் பேசும்படி கேட்பது இயல்பான ஒன்றுதான். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது இது எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து சொல்லும் மருத்துவரிடம் பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்கவிடுவது அந்தக் குழந்தைக்கும் பாரம், மருந்தின் அளவுக்கும் ஆபத்து. எந்த அலுவலகத்தை அணுகுவது என்றே தெரியாதபோது 211 என்ற எண்ணை அழைக்கலாம். உணவு, வாடகை, மருத்துவம் தொடர்பான உதவிகள் எங்கே கிடைக்கும் என்று அங்கே வழிகாட்டுவார்கள், அங்கும் மொழிபெயர்ப்பு உண்டு.

பேருந்துக் கட்டணத்தில் சலுகைகள் உண்டு. 18 வயது வரை உள்ளவர்கள் 2022 செப்டம்பர் முதல் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். 65 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், குறைந்த கட்டண அட்டை கிடைக்கும். வயதை நிரூபிக்கும் ஆவணம் போதும். வருமானம் குறைந்தவர்களுக்கான ஓர்க்கா லிஃப்ட் அட்டை 2015இல் வந்தது. குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் இருமடங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதால், துணைவர் பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. பண உதவி, மருத்துவ உதவி போன்ற திட்டங்களில் சேர்வதற்கு முன், அது விசா நிலையைப் பாதிக்குமா என்று குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது.

விசா நிலைமை குறித்த அச்சத்தால் சேவையைத் தவிர்ப்பவர்களும் உண்டு. குடியுரிமை அல்லது குடிவரவு நிலையைக் காரணமாக்கிச் சேவை வழங்குவதைக் கவுன்ட்டி ஊழியர்கள் மறுக்கலாகாது என்பது, சட்டமோ நீதிமன்றமோ வேறுவிதமாகக் கட்டாயப்படுத்தும் இடங்கள் நீங்கலாக, 2009 முதல் கவுன்ட்டியின் சட்டமாக இருந்து வருகிறது. இது கவுன்ட்டி ஊழியர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கூட்டாட்சி அதிகாரிகளை இது தடுக்காது. எந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும் என்ற இந்த வேறுபாடு இன்னோர் இடத்திலும் முக்கியம். 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த நகரமன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் அதைக் கொண்டுவந்தார். ஆனால் அது நகரச் சட்டம். சியாட்டில் எல்லைக்குள் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, ஏரியைத் தாண்டி ரெட்மண்டில் வேலை பார்ப்பவருக்குத் தானாக வந்துவிடாது.

வாக்களிப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. குடியுரிமை பெறாதவர் ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் தவறுதலாகக்கூட வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது. தன்னைக் குடிமகன் என்று பொய்யாகக் கூறியதாக அது கருதப்பட்டால் பச்சை அட்டைக்கே கேடு வரும். வாக்குரிமை இல்லாதவரும் கவுன்சில் கூட்டத்தில் பேசலாம். சியாட்டில் நகரின் மூன்றாம் அவென்யூவிலுள்ள நீதிமன்றக் கட்டடத்தில் கவுன்சில் கூடுகிறது. பொதுமக்கள் கருத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் ஓரிரு நிமிடங்களே என்பதால், எழுதிவைத்துப் படிப்பது சிறந்தது. குடிவரவாளர்களுக்கும் அகதிகளுக்கும் எனத் தனி ஆணையமும் கவுன்ட்டியில் இருக்கிறது. உறுப்பினர் இடம் காலியாகும்போது பொதுமக்களும் விண்ணப்பிக்கலாம்.

வாக்குச்சீட்டில் தமிழ் இல்லை. கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம், ஒரு கவுன்ட்டியில் ஆங்கிலம் போதிய அளவு அறியாத, வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் ஒரே மொழியினர் 10,000 பேரைத் தாண்டினாலோ, ஐந்து விழுக்காட்டைத் தாண்டினாலோதான் அம்மொழியைக் கட்டாயமாக்குகிறது. அதன்படி சீனமும் வியட்நாமியமும் இங்கே வந்தன. கொரிய மொழியையும் ஸ்பானிய மொழியையும் சேர்த்தது கவுன்ட்டியின் சொந்த முடிவு. 2016இல் அவை நடைமுறைக்கு வந்தன, ரஷ்யமும் சோமாலியும் அதன் பின்னர் சேர்ந்தன. கூட்டாட்சியின் கணக்குக்கு அடிப்படை, அமெரிக்கச் சமுதாய ஆய்வு என்ற பெயரில் சில வீடுகளுக்குத் தபாலில் வரும் படிவம். கவுன்ட்டியும் தன் முடிவுகளுக்கு அந்த விவரங்களைப் பார்க்கிறது. அதில் வீட்டில் பேசும் மொழி எது, ஒவ்வொருவரும் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். கௌரவத்துக்காக வீட்டிலுள்ள எல்லோருக்கும் மிக நன்றாகப் பேசுவார் என்று குறித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நான்கு வார்த்தை ஆங்கிலத்தோடு கடைக்குப் போய்வரும் மாமியாருக்கு அவ்வளவு நன்றாகப் பேசுவதில்லை என்ற கட்டத்தை நிரப்புங்கள். மொழி என்ற இடத்தில் இந்தியன் என்று எழுதாமல் தமிழ் என்று எழுதுங்கள். பள்ளியில் தரப்படும் வீட்டுமொழிப் படிவத்தையும் அவ்வாறே நிரப்புவது நன்று.