இரண்டு பவர் சப்ளை இருந்தும் சர்வர் அணைவது ஏன்?

பெங்களூரில் ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு மரக்கிளை ஒயரில் விழும். பெஸ்காம் (பெங்களூர் மின்வாரியம்) கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அப்போது இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வர்களும் அணைவதுண்டு. பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது, ஒயர் போன வழியில்தான் இருக்கும்.

ரேக்கின் பின்னால் போய்க் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே பாருங்கள். இரண்டும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் முடியும். ஸ்டிரிப் வேறாக இருந்தாலும் மேலே ஒரே எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), ஒரே யூபிஎஸ். ஒன்று ஏ யூபிஎஸ்ஸுக்கும் மற்றது பி யூபிஎஸ்ஸுக்கும் தனித்தனி எம்சிபி வழியாகப் போக வேண்டும். ஒரே யூபிஎஸ்தான் இருக்கிறதா? இரண்டாவது கேபிளை சர்ஜ் புரொடெக்டர் வைத்து ஜெனரேட்டர் பேக்கப் உள்ள மெயின் லைனில் கொடுங்கள்; யூபிஎஸ்ஸே செத்தாலும் சர்வர் ஓடும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது லோடு கணக்கில். 3 கேவிஏ யூபிஎஸ், பவர் ஃபாக்டர் 0.9 என்றால் அது தாங்குவது 2,700 வாட். இரண்டு யூபிஎஸ்ஸும் ஆளுக்கு 1,800 வாட் சுமந்தால் திரையில் 67 சதவீதம் என்று நிம்மதியாகத் தெரியும். ஒன்று போனதும் மற்றதன் தலையில் 3,600 வாட். ஓவர்லோடில் அதுவும் விழும். இரண்டு பக்கமும் சேர்ந்தே 2,700-க்குள் அடங்க வேண்டும்; 2,150-ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது. எம்சிபிக்கும் இதே கணக்கு. 16 ஆம்பியரில் 80 சதவீதம் 12.8, ஆகவே ஒரு பக்கத்துக்கு அதில் பாதியான 6.4-க்கு மேல் ஏற்றாதீர்கள். கிளாம்ப் மீட்டரால் அளக்கும்போது ஃபேஸ் ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். முழுக் கேபிளையும் கவ்வினால் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் காட்டும்.

ஒரு பவர் சப்ளை செத்தாலும் சர்வர் ஓடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. பின்பக்க ஆரஞ்சு விளக்கை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ஐபிஎம்ஐ (சர்வர் தன் நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) அலர்ட்டை மெயிலுக்கு வரவையுங்கள். செத்ததை மாற்றும் நாளில் அவசரத்தில் நல்லதை உருவிவிடுகிறவர்களும் உண்டு. விளக்கைப் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கை வையுங்கள். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழையது வாங்கினால் வாட்டும் பார்ட் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 800 வாட்டோடு 1,100 வாட்டைச் சேர்த்தால் பல சர்வர்கள் ஏற்காது.

சர்வர் உயிரோடிருந்தும் நெட்வொர்க் ஸ்விட்ச் செத்தால் பயனில்லை. ஒரே கேபிள் உள்ள ஸ்விட்ச், ஃபயர்வாலுக்கு ரேக்கில் பொருத்தும் ஏடிஎஸ் (ஒரு லைன் போனால் தானே மற்ற லைனுக்கு மாற்றும் கருவி) வேண்டும். மலிவானதில் கவனம் தேவை: சர்வர் வகைப் பவர் சப்ளைகள் கரண்ட் இல்லாமல் தாங்குவது ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிசெகண்ட். லைன் மாற அதற்கு மேல் ஆனால் ஸ்விட்ச் ரீபூட் ஆகும்.

சோதிக்க, பேக்கப் எடுத்துவிட்டு ஏ பக்கம் முழுவதையும் அணைத்து, 15 நிமிடம் பி யூபிஎஸ்ஸின் லோடைப் பாருங்கள். பிறகு ஏ-வைப் போட்டு, ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு விளக்கும் பச்சையான பிறகே பி-யைத் தொடுங்கள்.