அவசரப் பையில் எரியாத டார்ச்

கூடலூரில் ஜூன் மழை பிடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவசரப் பையிலிருந்த டார்ச்சோ எரியவில்லை. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆல்கலைன் செல்லின் கசிவு காரம். கையுறை போட்டு, பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் தேய்த்தேன், நுரைத்து இளகியது. (எலுமிச்சைச் சாறும் போதும்.) சாதா கார்பன் செல் என்றால் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடா கரைசல். ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, உப்புத்தாளால் ஸ்பிரிங்கை லேசாகச் சுரண்டியதும் எரிந்தது.

இப்போது செல்லைக் கழற்றித் தனி உறையில் வைக்கிறேன். பழையதையும் புதியதையும் கலப்பதில்லை. சார்ஜ் தீர்ந்த செல்தான் முதலில் கசியும். உறைமேல் 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1077 (மாவட்டப் பேரிடர் உதவி) மூன்றும் பேனாவால் பெரிதாக எழுதியாச்சு.