முருங்கைக்கீரை இட்லிப் பொடி: இலை கறுக்காமல் காயவைக்கும் முறை

மூன்று தடவை கீரை வீணான பிறகுதான் இந்தப் பொடி எனக்குக் கைவந்தது. வறுப்பது, அரைப்பதெல்லாம் எளிது. காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. இரண்டு கட்டு கீரையைச் சாயங்காலமே ஈர்க்கோடு அலசி, கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரம் முழுக்கப் போனதும் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும்.

நான் முன்பு உருவிய பிறகு அலசினேன். ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மறுநாளே கறுத்துவிட்டன. அடுத்த முறை மொட்டைமாடி வெயிலில் போட்டேன், பழுப்பாகிவிட்டது. நேர் வெயிலில் பச்சை நிறத்தோடு பீட்டா கரோட்டினும் குறைந்துபோகிறது. முருங்கைக்கீரையின் பெரிய சொத்தே அதுதான்.

2. நிழலில், வெள்ளைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கையில் எடுத்தால் சலசலக்கும். கசக்கினால் நொறுங்க வேண்டும்.

உலகம் முழுக்க ‘மொரிங்கா’ என்று விற்கிறார்களே, அந்தப் பெயரே நம் முருங்கையிலிருந்து போனதுதான். அகநானூற்றின் முதல் பாட்டில் முருங்கைப் பூ கடுங்காற்றில் கடல் அலையின் திவலை போலச் சிதறுகிறது. அது பாலைத்திணைப் பாட்டு. வறட்சியைத் தாங்கும் மரத்துக்குப் பொருத்தமான இடம்.

3. உளுந்து அரை டம்ளர், கடலைப்பருப்பு கால் டம்ளர், மிளகாய் வற்றல் 10, எள் 2 ஸ்பூன், பெருங்காயம். இவற்றைத் தனித்தனியாக வறுங்கள். இரும்புச் சட்டிதான் என் தேர்வு. சூடு நின்று பிடிக்கும். அடுப்பை அணைத்த பிறகு 2 டம்ளர் காய்ந்த இலையைப் போட்டுப் புரட்டினால் போதும். நன்றாக ஆறியதும் கல் உப்பு சேர்த்து மிக்ஸியின் சின்ன ஜாரில் கொரகொரப்பாக அரையுங்கள்.

பொடியில் கால்சியம், இரும்பு, புரதம் தங்கும். வைட்டமின் சி காயும்போதே பெரும்பாலும் போய்விடும். இரும்பு உடலில் நன்றாகச் சேர அது உதவும் என்பதால், சோற்றில் பிசையும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் பொடி ஒரு கிண்ணம் கீரைக்கு ஈடாகாது. பச்சையாகக் கிடைக்கும் நாளில் பொரியலே செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: கசக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முற்றிய இலையாக இருக்கும், இல்லையென்றால் ஈர்க்கு கலந்திருக்கும். அரைக்கும் முன் ஒருமுறை புடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இலை நொறுங்காமல் வளைந்தால் அரைக்கவே வேண்டாம், பூசணம் பிடிக்கும். இன்னொரு நாள் விசிறியின் கீழேயே கிடக்கட்டும்.