சிறுநீர்க்குழாய் தொற்றுக்கு அப்புறம் மூட்டு வலிக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

எரிச்சலுக்கு மாத்திரை போட்டு முடித்து, சரி, தொல்லை விட்டது என்று நினைக்கும்போது இரண்டு வாரம் கழித்து முட்டி பிடித்துக்கொள்ளும், குதிகால் குத்தும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் புரள்வதைவிட, ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள். எரிச்சலோ, சிறுநீர்த் துவாரத்தில் கசிவோ என்றைக்குத் தொடங்கியது, என்ன மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், மூட்டு என்றைக்கு வலித்தது. தொற்று வந்து 1 முதல் 4 வாரத்துக்குள், சிலருக்கு 6 வாரம் வரை தள்ளிப்போய், மூட்டு வீங்கினால் அது ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸாக இருக்கலாம். பாலுறவு வழியாக வரும் தொற்றுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கிளமிடியா என்ற கிருமி. இங்கே மூட்டுக்குள் சீழ் பிடிப்பதில்லை, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டிலும் அழற்சியை உண்டாக்குகிறது. தொற்று வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகும்.

அடுத்து, வெறும் வலியா வீக்கமா என்று பாருங்கள். இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புறங்கையால் தொட்டால் ஒன்று மட்டும் சூடாக, பொதபொதவென்று இருக்கிறதா? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் பின்பக்கம் சுண்டி இழுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடாமல் இருக்கிறதா? கால்விரல் ஒன்று அடி முதல் நுனி வரை ஒரே உருளையாக வீங்கியிருக்கிறதா? கண் சிவந்து உறுத்துகிறதா? இவையெல்லாம் கணக்கில் வரும். வீங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்துவையுங்கள், டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். வீக்கமே இல்லாமல் இன்று தோள், நாளை விரல் என்று வலி அலைந்தால், இந்த நோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

மாத்திரை அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மருந்துகளே தசைநாரைப் பாதித்து குதிகால் வலியைக் கொண்டுவரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

எரிச்சல் மிச்சம் இருந்தால், மருந்து முடிந்தும் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கசிவு வருகிறதா என்று தினமும் அழுத்திப் பிதுக்கிப் பார்க்காதீர்கள், அந்தப் பிதுக்கலே எரிச்சலையும் கசிவையும் உண்டாக்கும். கிளமிடியா போய்விட்டதா என்று உடனே சோதித்தால் செத்த கிருமியின் மிச்சம்கூட பாசிட்டிவ் காட்டும், அதனால் 4 வாரம் பொறுங்கள். சிறுநீர் கொடுக்குமுன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருவதைப் பிடியுங்கள். அதற்கு மேலும் எரிச்சல் அடங்காவிட்டால் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற இன்னொரு கிருமிக்கான சோதனை பற்றிக் கேளுங்கள், கிளமிடியாவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் மட்டும் பல நேரம் அதற்குப் போதாது. துணைக்கும் சிகிச்சை நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்பவும் உங்களிடமே வரும்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முட்டியைக் காட்டப் போகும்போது தொற்றை மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு "சும்மா வலிக்குது டாக்டர்" என்று சொன்னால் ஒரு எக்ஸ்ரேயும் வலி மாத்திரையுமாக முடிந்துபோகும். "மூணு வாரம் முன்னாடி சிறுநீர்க்குழாயில தொற்று இருந்துச்சு, இந்த மருந்து சாப்பிட்டேன்" என்று அந்தத் தாளை நீட்டுங்கள், போதும். மூட்டுவாத நிபுணர் கிடைத்தால் இன்னும் நல்லது. ரத்தத்தில் பார்க்கும் ஹெச்எல்ஏ பி27 என்ற மரபணு அடையாளம் பாசிட்டிவ் என்று வந்தால் பயப்படாதீர்கள், ஒரு நோயும் இல்லாத எத்தனையோ பேருக்கு அது உண்டு.

காய்ச்சலோடு ஒரு மூட்டு கொதித்து அசைக்கவே முடியாமல் போனால், தோலில் சீழ்க்கொப்புளம் வந்தால், கண் வலித்து வெளிச்சம் கூசி பார்வை மங்கினால், விரை வீங்கி வலித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பாலுறவு வழியாக வரும் இன்னொரு தொற்றான கொனோரியா ரத்தத்தில் பரவினாலும் மூட்டு இப்படி ஆகும், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ்தான் என்று உறுதியானால், பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 12 மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆன்டிபயாடிக் தொற்றுக்குத்தான், வீக்கத்துக்கு அழற்சி குறைக்கும் மாத்திரை தனியாகத் தருவார்கள், அதனால் வலி விடவில்லையே என்று மெடிக்கலில் இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.