குறைமாதக் குழந்தையா? கண் பரிசோதனைத் தேதியை முதலில் கேளுங்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை மூச்சுத் திணறல், தொற்று எல்லாவற்றையும் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடி, ஒருவழியாக டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கையில் ஒரு கட்டுத் தாள் கொடுப்பார்கள். அதில் முதலில் தேட வேண்டியது கண் பரிசோதனைத் தேதி. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் ஆர்.ஓ.பி. என்ற நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பரிசோதனை. இல்லையென்றால் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள், அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தாய் வயிற்றில் சுமார் 16-வது வாரத்தில், பார்வை நரம்பு இருக்கும் இடத்திலிருந்து விழித்திரையில் (கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலம்) ரத்தக்குழாய்கள் வளரத் தொடங்கி, 40-வது வாரத்தை ஒட்டித்தான் ஓரம் வரை போய்ச் சேரும். 28 வாரத்திலேயே பிறந்துவிட்டால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. வெளியே கிடைக்கும் கூடுதல் ஆக்ஸிஜன் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும். சில வாரம் கழித்து, ரத்தம் போய்ச் சேராத ஓரப்பகுதி ஆக்ஸிஜன் போதாமல் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும், அதனால் தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கும், அவை தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையே பிய்ந்துவிடும். இதைத்தான் ஆர்.ஓ.பி. என்கிறார்கள். இவ்வளவும் உள்ளே நடக்கும்போது வெளியே கண் பளிச்சென்றுதான் இருக்கும். சிவக்காது, நீர் வடியாது. கண்பாவை வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது.

யாருக்குப் பரிசோதனை தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 30 வாரம் அல்லது 1500 கிராம், அதற்குக் கீழ். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் அல்லது 2000 கிராமுக்குக் குறைந்தவர்கள். இந்த வரம்புக்குச் சற்று மேலே இருந்தாலும், பிள்ளை அதிக நாள் ஆக்ஸிஜனில் இருந்தது, கடும் தொற்று வந்தது என்றால் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். இந்திய வழிகாட்டுதல்படி முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள், 28 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 1200 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கு 2-3 வாரத்திலேயே. குழந்தை இன்னும் இன்குபேட்டரில் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, படுக்கையருகிலேயே பார்க்கலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்றால், கண்பாவையை விரிக்க இடைவெளி விட்டுச் சொட்டு மருந்து விடுவார்கள், இமையில் வழிவதை உடனே துடைத்துவிடுங்கள், அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வாந்தி எடுக்காமல் இருக்க, எவ்வளவு நேரம் முன்பு பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி, இமையைச் சிறு கருவியால் திறந்து பார்ப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும், பார்க்கவே மனசு கேட்காது. நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் வைத்தால் வலி குறையும், அதைச் செய்வார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

முடிந்ததும் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மண்டலம், எந்த நிலை, பிளஸ் இருக்கிறதா. மண்டலம் 1 என்றால் நடுவுக்கு நெருக்கம், அதிக ஆபத்து. நிலை 1 முதல் 5 வரை, எண் கூடக் கூட நோய் முற்றியிருக்கிறது. பிளஸ் என்றால் குழாய்கள் பருத்து நெளிந்திருக்கின்றன. அப்புறம் அடுத்த தேதி, அது ஒரு வாரமாகவோ இரண்டு வாரமாகவோ இருக்கலாம். குழாய்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன, இனி வர வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும்வரை ஒரு தேதியையும் விடக் கூடாது. குழந்தைக்குச் சளி, வீட்டில் விசேஷம், போக வண்டி இல்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போவதில்தான் பார்வை போகிறது.

நிலை 1, 2 பெரும்பாலும் தானாகவே அடங்கும். சிகிச்சை வேண்டும் என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும், யோசித்துச் சொல்கிறோம் என்று ஊருக்குத் திரும்ப நேரமில்லை. லேசர், ரத்தம் போகாத ஓரப்பகுதியைச் சுட்டு விஇஜிஎஃப் புரதம் சுரப்பதைக் குறைக்கும். பக்கப்பார்வை கொஞ்சம் போகலாம், நடுப்பார்வையைக் காப்பாற்றத்தான் அது. கண்ணுக்குள் போடும் பெவாசிசுமாப், ராணிபிசுமாப் போன்ற ஊசிகள் வேகமாக வேலை செய்யும், ஆனால் மாதங்கள் கழித்தும் நோய் திரும்பலாம், பல மாதம் விடாமல் காட்ட வேண்டும். அடிக்கடி வர முடியாத தூரத்தில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருத்துவரின் தேர்வே மாறலாம். நிலை 4, 5-க்கு அறுவை சிகிச்சை; 5-ல் நல்ல பார்வை கிடைப்பது அரிது.

குணமான பிறகும் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு அதிகம், விழித்திரை பல வருடம் கழித்தும் விலகலாம். அதனால் வருடா வருடம் கண்ணைக் காட்டுங்கள், போகும்போதெல்லாம் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.