கடலோர எஞ்சின் மலையேறும்போது: புரொப்பெல்லர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் முதுநகர் பக்கம் கடலில் ஓடிய அவுட்போர்டு எஞ்சினை (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) வாங்கி ஏற்காட்டிலோ ஊட்டியிலோ ஒரு படகில் மாட்ட நினைப்பவர்கள் எஞ்சினை நன்றாகவே பார்த்து வாங்குகிறார்கள். கம்ப்ரஷன் இருக்கிறதா, கியர் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று எல்லாம் விசாரிப்பார்கள். வாலில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. தேவனாம்பட்டினத்தில் அலையை வெட்டிக்கொண்டு போன அதே எஞ்சின், மலை ஏரியில் முழு த்ராட்டில் கொடுத்தும் முக்கும். படகு மூக்கைத் தூக்கியபடி தண்ணீரை உழுதுகொண்டே போகும், எழும்பி ஓடாது. "எஞ்சின் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் அங்கே நடக்கும் முதல் தவறு.

எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஏற்காடு சுமார் 5000 அடி, அங்கே 15 சதவீதம் போகும். ஊட்டி ஏரி 7000 அடிக்கு மேல். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே போய்விடும். மூடியில் 40 குதிரைத்திறன் என்று ஸ்டிக்கர் இருந்தாலும் கையில் கிடைப்பது 32-ஐ ஒட்டித்தான். காற்று மெலிகிறது, ஆனால் தண்ணீர் மெலிவதில்லை. புரொப்பெல்லர் தள்ள வேண்டிய தண்ணீரின் கனம் மலையிலும் அதேதான். கடல் நீரைவிட நன்னீர் இரண்டரை சதவீதம் லேசு, அது பெரிய உதவியில்லை. சுமை அப்படியே இருக்க, சுமப்பவன் மட்டும் இளைத்துவிட்டான். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவை மூன்றாவது கியரில் ஏற முயல்வது போலத்தான் இது. கியரைக் குறைக்க வேண்டும். படகில் அந்தக் கியர், புரொப்பெல்லரின் பிட்ச்.

புரொப்பெல்லர் மேல் 11⅜ × 13 என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச்: வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு கடையில் கேட்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், "லேத்தில் கொடுத்து இலையைக் கொஞ்சம் குறைத்துவிடலாம்" என்று புரொப்பெல்லரின் இறக்கைகளை வெட்டும் யோசனை. விட்டத்தைக் குறைத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறும் என்பது உண்மைதான். ஆனால் இலையின் பரப்பும் குறைகிறது. மிஞ்சிய பரப்பின் ஒவ்வொரு அங்குலமும் அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. இலையின் முன்பக்கம் அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் அங்கே தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழாகும். அதுதான் கேவிட்டேஷன். குமிழ்கள் உடையும் இடத்தில் உலோகம் அரித்துக் குழிகுழியாகும். கடல் மட்டத்தில் காற்று தண்ணீரின் மேல் சுமார் 10 மீட்டர் நீர்க்கம்பத்துக்குச் சமமாக அழுத்துகிறது, ஊட்டியில் 8 மீட்டர் அளவுக்குத்தான். எனவே குமிழ் மலையில் சீக்கிரம் வரும். விட்டத்தைத் தொடாதீர்கள், பிட்ச்சை மட்டும் குறையுங்கள்.

எவ்வளவு குறைப்பது? பக்கத்துப் படகைப் பார்த்து வாங்கக் கூடாது. அவருடைய படகின் எடையும் அடித்தட்டும் வேறு. ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் இல்லாமல் காதால் கேட்டு முடிவெடுப்பதும் கூடாது. கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான ஆர்பிஎம் வரம்பு இருக்கும். 4500 முதல் 5500 என்று வைத்துக்கொள்வோம். ஏரியில் ஓட்டிப் பார்த்தால் 4500-ல் நின்றுவிடுகிறது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். 5000-ஐத் தாண்ட வேண்டுமானால் மூன்று அங்குலம் குறைக்க வேண்டும், அதாவது 13-க்குப் பதில் 10. ஊட்டி உயரத்துக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை குறைக்க வேண்டி வரலாம். சரியான எண்ணை மீட்டர்தான் சொல்லும்.

இந்தச் சோதனையைத் தனியாளாக ஓட்டிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். சுற்றுலாப் படகு என்றால் அத்தனை பேரும் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் எடையில் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மெலிந்த காற்றில் பெட்ரோல் கலவை கனத்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெட்ரோல் கூடிவிடும். ஸ்பார்க் பிளக் கறுப்பாகும். சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) போட்டுக் கலவையைச் சரிசெய்துவிட்டுப் பிறகு புரொப்பெல்லருக்கு வாருங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை செலவு. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எஃப்ஐ எஞ்சின் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் போன சக்தியை அதனால் கொண்டுவர முடியாது.

புரொப்பெல்லராலும் முடியாது. இதை நம்ப மறுப்பவர்கள்தான் நான்கு இலை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். நான்கு இலை பிடிப்பைத் தரும், மெதுவான வேகத்திலும் படகை எழுப்பி நிறுத்தும், நல்லதுதான். ஆனால் அதே பிட்ச்சில் மூன்று இலையை எடுத்து நான்கு இலை மாட்டினால் ஆர்பிஎம் இன்னும் இறங்கும். வேகக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தையும் (புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று) 1215-ஐயும் பெருக்கி வருவதால் வகுத்தால், கப்பல் வேகத்தை அளக்கும் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். விகிதம் 2 என்றால், கடலூரில் 5500 ஆர்பிஎம், 13 பிட்ச்சில் 29 நாட். மலையில் 5100, 10 பிட்ச்சில் 21. வழுக்கலைக் கழித்தால் இரண்டும் இன்னும் குறையும். ஏரியைச் சுற்றிக் காட்டும் படகுக்கு இது தாராளம்.

உலோகம் என்று பார்த்தால், பாறையும் மூழ்கிய மரக்கட்டையும் உள்ள நீர்த்தேக்கத்தில் நான் அலுமினியத்தையே சொல்வேன். இடித்தால் இலை வளையும், கியர் பிழைக்கும்.

பழைய புரொப்பெல்லரைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய ஜெட்டையும்தான். எஞ்சின் என்றாவது கடலுக்குத் திரும்பினால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும். குறைந்த பிட்ச்சோடு கடலில் முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் வரம்பைத் தாண்டிச் சுழலும். மலைக்குப் போட்ட சிறிய ஜெட், கடலூரின் அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் கலவையை வறளச் செய்துவிடும். இரண்டும் சேர்ந்தால், அதுவும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சீஸ் ஆக (சூட்டில் இறுகிச் சிக்கிக்கொள்ள) அதிக நேரம் பிடிக்காது.